வடக்கிலிருந்து வந்த மணல்

முதல் மணல்மணி 2512. அப்பாடா என்றிருந்தது. எண் திரையில் வந்து நின்றதும் நாற்காலியில் சாய்ந்து, கால் இரண்டையும் தூக்கிக் குறுக்குக் கம்பியில் வைத்துக்கொண்டேன், செருப்பை வெளியே கழற்றிவிட்டு வரச் சொல்லிவிட்டார்கள், தரை ஐஸ்கட்டி, இந்த லேசர் இயந்திரத்துக்கு அறை இருபது டிகிரிக்கு மேல் போனால் ஆகாதாம். பால்துரைதான் சொன்னார். அவர்தான் இதை இயக்குகிறவர், நாகர்கோவில் பக்கம், ஐம்பது வயதிருக்கும், இயந்திரத்தைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் வீட்டுக்கு வந்திருக்கிற புது மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுகிறார் என்றே நினைப்போம், அதுக்குக் குளிரணும் மேடம், அதுக்குச் சத்தம் பிடிக்காது, காலைல கொஞ்சம் நிதானமாத்தான் எழும்பும், பாத்துக்கிடுங்க. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். 2512 என்றால் மில்லியனில், அதாவது இருநூற்றைம்பது கோடி ஆண்டுக் கிழம், அப்படியானால் இந்த மணல்மணி சேலம் தர்மபுரிப் பக்கத்துப் பாறையில் பிறந்தது, அப்படியானால் ஆறு வடக்கிலிருந்துதான் வந்தது, அப்படியானால் என் ஆய்வேடு சரி. இன்னும் நூற்றொன்பது மணி இருக்கிறது. எல்லாம் சமர்த்தாக இதையே சொல்லிவிட்டால் சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிவிடலாம், வியாழக்கிழமை வாய்மொழித் தேர்வு, அதற்கு என்ன புடவை என்பதுகூட முடிவாகிவிட்டது. ஆய்வேடு ஐந்து பிரதி பைண்டிங் போட்டுத் தங்க எழுத்தில் தலைப்பும் அடித்தாகிவிட்டது, ‘வடக்கிலிருந்து வந்த மணல்’, கீழே சின்ன எழுத்தில் சிவகங்கைப் படுகையின் தோற்றம், அதற்கும் கீழே ப. மரகதவல்லி. யாரோ ஒரு வெளித் தேர்வாளர், நல்லாயிருக்கட்டும், படுகையின் தென்விளிம்பிலிருந்து ஒரு மாதிரியைக்கூடச் செய்து பார்க்கவில்லையே, பார்த்தால் நன்று என்று இரண்டு வரி எழுதப்போய்த்தான் நான் இங்கே குளிரில் உட்கார்ந்திருக்கிறேன். பார்த்தால் நன்று. இரண்டு சொல்.

இந்த மணிகளுக்குப் பெயர் சிர்க்கான், சிர்க்கான் என்றால் என் மாமியாருக்குக் கோமேதகம். கல்யாணமான புதிதில் நீ என்னம்மா படிக்கிறே என்று கேட்டார், சிர்க்கான் அத்தை என்று சொல்லித் தொலைத்தேன், பக்கத்தில் இருந்த யாரோ அது ராகுவுக்குப் போடுகிற கல் என்று சொல்லிவிட்டார்கள், அன்றிலிருந்து ஏழு வருஷமாக, மோதிரத்துக்கு ரெண்டு கல்லு எடுத்துட்டு வாயேன், அங்கதான் மூட்டை மூட்டையா கெடக்குங்கிறியே என்று கேட்டுக்கொண்டேயிருக்கிறார். அத்தை, இது ரவையில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது, தும்மினால் போய்விடும் என்றால், பெரிசா ஒண்ணு பொறுக்கி எடு என்கிறார். பெரிசே இவ்வளவுதான். உருகிய பாறை ஆறும்போது இந்த மணி உருவாகிறது, உருவாகும்போது யுரேனியத்தைக் கொஞ்சம் உள்ளே விடும், ஈயத்தை வாசலிலேயே நிறுத்திவிடும். பிறகு உள்ளே போன யுரேனியம் ஒரே சீராக, அவசரமே இல்லாமல் ஈயமாக மாறிக்கொண்டிருக்கும். இன்றைக்கு உடைத்துப் பார்த்து எவ்வளவு ஈயம் என்று அளந்தால் வயது தெரிந்துவிடும். மலை கரையும், ஆறு அடித்துக்கொண்டு வரும், பள்ளத்தில் கொட்டி மூடும், மணி மட்டும் தன் பிறந்த தேதியை விடாது. எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. என் சான்றிதழில் ஜூன் மூன்று என்று இருக்கிறது, நான் பிறந்தது ஐப்பசியில், அடைமழை, ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் எங்கள் வகுப்பில் இருபது பேருக்கு ஜூன் மாதமே போட்டுவிட்டார், வருஷாவருஷம் அலுவலகத்தில் அந்தத் தேதியில் கேக் வெட்டுகிறார்கள், நானும் வெட்கமில்லாமல் ஊதுகிறேன். அப்படிப்பட்ட நான் இந்த மணியிடம் உட்கார்ந்து நீ எப்போது பிறந்தாய், உண்மையைச் சொல் என்கிறேன்.

2498. 2530. 2507. அடி சக்கை. பால்துரை ஒவ்வொரு மணியின் மேலும் குறியை வைத்து, “அடிக்கட்டா?” என்று கேட்பார், நான் தலையாட்டுவேன், லேசர் அரை நிமிஷம் முடியைவிட மெல்லிய ஒரு குழியைத் தோண்டும், திரையில் கோடுகள் எழும்பும், இறங்கும், எண் வரும். எட்டாவது மணல் வரைக்கும் ஒரு குறையுமில்லை. ஒன்பதாவது 548. சரி, நூற்றுப்பத்தில் ஒன்று அப்படித்தான் வரும், ஒரு கல்யாணக் கூட்டத்தில் யார் வீட்டு உறவென்று தெரியாத ஒருத்தர் பந்தியில் உட்கார்ந்திருப்பதில்லையா, அப்படி. பத்தாவது 551. பதினொன்று 539. பந்தியில் அந்த ஒருத்தர் தன் குடும்பத்தையே கூட்டிவந்திருக்கிறார். நான் கம்பியிலிருந்து காலை இறக்கினேன். ஐம்பத்தைந்து கோடி ஆண்டு என்றால் அது வடக்கு இல்லை. அது தெற்கு, மதுரை கொடைக்கானல் பக்கம், இரண்டு கண்டங்கள் வந்து முட்டியதில் ஒரு பெரிய மலைத்தொடர் எழும்பிய காலம், இமயம் அளவுக்கு இருந்திருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். என் ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயம் முழுவதும் அந்த மலை இந்தப் படுகைக்கு ஒரு கைப்பிடி மணல்கூடக் கொடுக்கவில்லை என்பதைத்தான் நிரூபிக்கிறது. நிரூபிக்கிறது என்று இருபத்தாறு இடத்தில் எழுதியிருக்கிறேன். கருதலாம் என்று எழுதியிருந்தால் என்ன கேடு? கருதலாம் எவ்வளவு நல்ல சொல், இடுப்பில் சொருகிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

கலப்படம். கலப்படமாக இருக்கும். நானேதான் கலந்திருப்பேன். இந்தக் கல்லை இடித்து மாவாக்கி, கழுவி, காந்தம் காட்டி, கனமானதைப் பிரித்து, நுண்ணோக்கியில் ஊசியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒட்டியது நான், இதில் எங்காவது வேறு மணல் ஏறியிருக்கும். ஆய்வகத்தில் தண்ணீர் வராத அன்றைக்கு வீட்டுக் குளியலறையில் பச்சை வாளியில் வைத்துக் கழுவினேனே, அந்த வாளியில் அதற்கு முன்னால் என்ன இருந்தது? என் வீட்டுக்காரரின் ஜீன்ஸ். ஜீன்ஸில் கடற்கரை மணலா? நாங்கள் கடற்கரைக்குப் போயே மூன்று வருஷம் ஆகிறது, போகலாம் போகலாம் என்று நான்தான் இந்த ஆய்வேட்டைக் காரணம் காட்டித் தள்ளிப்போட்டேன். இல்லை, வாளியை மூன்று முறை அலசினேன், ஞாபகம் இருக்கிறது. அப்படியானால் கல்லை எடுத்த இடத்திலேயே தப்போ? அதுவும் இல்லை. அந்த ஓடையை மறக்க முடியுமா? நான் சுத்தியலோடு இறங்கி மணற்கல்லைப் பெயர்த்து நாலு சிமெண்டுச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன், மேலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா பார்த்துக்கொண்டேயிருந்தவர் எப்போது போனார் என்றே தெரியாது, கால் மணி நேரத்தில் பத்துப் பேரோடு வந்து நிற்கிறார், மணல் திருட வந்திருக்கா, கார்ல ஆள் இருக்கு பிடிங்க என்று ஒரே கூச்சல். இது பன்னிரண்டு கோடி வருஷத்துக்கு முந்திய மணல் என்று சொன்னேன். “அப்ப இன்னும் வெல ஜாஸ்தியா இருக்குமே” என்றார் அந்த அம்மா. கிராம நிர்வாக அலுவலர் வந்து, பல்கலைக்கழகக் கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, நாலு சாக்கில் ஒன்றை அவிழ்த்துக் கொட்டச் சொல்லி, கல்லை மோந்துகூடப் பார்த்துவிட்டு அனுப்பினார். அவ்வளவு சாட்சிகளோடு எடுத்த மாதிரி. அதில் கலப்படம் என்றால் ஊரே சிரிக்கும்.

“மேடம், அடுத்தது எது?” என்று பால்துரை கேட்டபோது முப்பத்து மூன்று முடிந்திருந்தது. பதினேழு தெற்கு, பதினான்கு வடக்கு, இரண்டு இரண்டிலும் சேராதது. நான் நோட்டில் கோடு போட்டுக் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன், தேர்தல் முடிவு கேட்கிற வேட்பாளரின் மனைவி மாதிரி. இப்போது ஒன்று சொல்ல வேண்டும், இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம், ஆனால் என் காதுக்குள்ளேயே அது கேட்டுக்கொண்டிருக்கிறது. மணிகளை முன்கூட்டியே ஒளிப்படம் எடுத்துத்தான் வரிசைப்படுத்தியிருக்கிறோம், படத்தைப் பார்த்தாலே ஓரளவு தெரியும், கிழங்கள் உருண்டு கறுத்திருக்கும், இளசுகள் நுனி மழுங்காமல் வெங்காயம் அரிந்த மாதிரி வளையம் வளையமாக இருக்கும். முப்பத்து நாலாவது நல்ல வெங்காயம். முப்பத்தைந்தாவது நல்ல கறுப்பு உருண்டை. வரிசையாக அடிக்க வேண்டும், தேடிப் பொறுக்கக் கூடாது, இது முதல் வருஷத்துப் பையனுக்குக்கூடத் தெரியும், நானே வகுப்பெடுத்திருக்கிறேன். “முப்பத்தஞ்சு” என்றேன். “முப்பத்து நாலு?” “அதுல ஒரு விரிசல் இருக்கு.” பால்துரை திரையைப் பெரிதாக்கிப் பார்த்தார். விரிசல் இல்லை. செரி மேடம் என்று குறியை நகர்த்தினார், அந்த செரியில் ஒரு குற்றப்பத்திரிகையே இருந்தது, அல்லது எனக்கு அப்படிக் கேட்டது. முப்பத்தைந்து 2519. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். நோட்டில் வடக்குப் பக்கம் கோடு போடப் போன பேனா பாதியில் நின்றது. ஒரு மணி, முடியைவிடக் கொஞ்சம் தடிமன், அதைத் தாண்டிப் போனதற்கு இவ்வளவா, யாருக்குத் தெரியப்போகிறது, பால்துரைக்குத் தெரியும், பால்துரை யாரிடம் சொல்வார், யாரிடமும் சொல்ல மாட்டார், அதுதான் தாங்கவில்லை. முப்பத்தாறு ஓடிக்கொண்டிருந்தபோதே வாய் திறந்துவிட்டது. “அண்ணே, அந்த முப்பத்து நாலை அடிச்சிருவோம்.” “விரிசல்னீங்களே?” “விரிசல் எனக்குத்தான்.” அவர் சிரிக்கவில்லை. இயந்திரத்துக்குச் சத்தம் பிடிக்காது என்பதாலோ என்னவோ. 544.

அதற்குப் பிறகு வரிசை தப்பவில்லை. வரிசை தப்பாததால் தெற்கு ஏறிக்கொண்டே போயிற்று. கடைசி நம்பிக்கையாக இயந்திரத்துக்கே புத்தி பேதலித்திருக்கலாம் என்று நினைத்தேன், பத்து மணலுக்கு ஒரு தரம் வயது தெரிந்த ஒரு மணியை அடித்துச் சரிபார்ப்பார்கள், அது ஒவ்வொரு தடவையும் முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரி எழுந்து நின்று சரியான விடையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தது. அதன் மேல் எனக்கு வந்த எரிச்சலை யாரிடமும் சொல்ல முடியாது. அப்போதுதான் அருளானந்தம் சாரின் கை ஞாபகத்துக்கு வந்தது. என் வழிகாட்டி. இருபத்தெட்டு வருஷமாக இந்தப் படுகைக்கு மாணவர்களைக் கூட்டிப் போகிறார், ஒவ்வொரு தடவையும் அந்த மேட்டில் ஏறி நின்று வலது கையை நீட்டி வடக்கைக் காட்டுவார், அங்கிருந்துதான் வந்தது, என்ன ஒரு ஆறு, கரைக்குக் கரை தெரியாது என்பார், கண் பளபளக்கும். துறையில் மாட்டியிருக்கிற குழுப் படங்கள் எல்லாவற்றிலும் அவர் கை வடக்கைக் காட்டிக்கொண்டிருக்கிறது, ஒரு படத்தில் பக்கத்தில் நின்ற மாணவனின் மூக்கில் குத்துகிறது, கல்லூரிப் பேருந்து ஓட்டுநர்கூட இறங்கும்போதே சேலம் மணலா சார் என்று கேட்பார். இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். நான் கடைசி மாணவி. தலைப்பை வைத்ததே அவர்தான். பிரிவுபசார விழாவில் ஆய்வேட்டின் ஒரு பிரதியை மேடையில் கொடுப்பதாக ஏற்பாடு. நான் என்ன கொடுக்கப்போகிறேன், சார், நீங்கள் திரும்பி நின்று காட்டியிருக்க வேண்டும் என்றா? எழுபதாவது முடிந்தது. நாற்பத்து மூன்று தெற்கு. பால்துரை பத்து நிமிஷம் நிறுத்திக்கிடலாம், அதுக்குக் கொஞ்சம் மூச்சு விடணும் என்றார். எனக்கும்.

நடைவழியில் செருப்பை மாட்டிக்கொண்டு சாருக்குப் போன் போட்டேன். மூன்று தடவை எடுக்கவில்லை, நல்லது, எடுக்காமலே இருக்கட்டும், நான் முயற்சி செய்தேன் என்று வரலாற்றில் இருக்கும். நாலாவதில் எடுத்தார். பின்னால் குக்கர் சத்தம். “மரகதமா? என்னம்மா, வந்துருச்சா? எல்லாம் ரெண்டாயிரத்து ஐந்நூறுதானே?” என்ன உற்சாகம் அந்தக் குரலில். நான் முதலில் ரயில் வசதியாக இருந்தது என்று சொன்னேன். அறை நல்ல குளிர் என்றேன். பால்துரை உங்களை விசாரித்ததாகச் சொன்னேன், பால்துரைக்கு அவரைத் தெரியவே தெரியாது. “மரகதம்,” என்றார், “எத்தனை?” “எழுபதுல நாப்பத்து மூணு, சார்.” “எது?” “ஐந்நூத்தம்பது.” குக்கர் ஒரு தரம் கூவிற்று, இன்னொரு தரம் கூவிற்று, பின்னால் அவர் மனைவி அதை நிறுத்துங்களேன் என்பது கேட்டது, அவர் நிறுத்தவில்லை, மூன்றாவதும் கூவிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது, கலப்படமா இருக்கலாம் சார், நான்தான் எங்கேயோ கோட்டை விட்டிருப்பேன் சார், மறுபடி முதல்லேர்ந்து செய்றேன் சார் என்று அடுக்கிக்கொண்டே போனேன். “நீ கோட்டை விடலே,” என்றார். குரல் சின்னதாகிவிட்டது. “தொண்ணூத்தெட்டுல நான் இருபது மணி வெளிநாட்டுல ஒரு சிநேகிதருக்கு அனுப்பிச்சேன். தென்விளிம்புதான். அதுல ஏழு இப்படி வந்தது. சல்லடை சுத்தமில்லேன்னு எழுதி ஒதுக்கிட்டேன்.” நான் நடைவழிச் சுவரில் சாய்ந்துகொண்டேன். “சல்லடையைக் கழுவினது நான்தான், மரகதம். தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினேன். அப்ப வேலையில சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகலே, அந்தத் தென்விளிம்பை வச்சுத்தான் முதல் கட்டுரை, போட்டாகணும். அப்புறம் சொல்லிச் சொல்லி எனக்கே மறந்துபோச்சு. மறந்துபோச்சுன்னா, மறக்கலே.” இருபத்தெட்டு வருஷம் நீட்டிய கை, அதன் அக்குளில் ஏழு மணல் உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. “விழா எப்படி சார்?” என்று கேட்டேன், கேட்ட பிறகுதான் எவ்வளவு மட்டமான கேள்வி என்று உறைத்தது. அவர் சிரித்தார், நிஜமாகவே சிரித்தார். “விழாவுல கேசரி போடுவாங்க. வியாழக்கிழமையைத் தள்ளிப்போடச் சொல்லி நான் கடிதம் எழுதிடறேன். மீதி நாப்பதையும் ஒழுங்கா அடிச்சிட்டு வா. என்னோட அந்த ஏழையும் சேர்த்துக்கோ, கடிதம் பீரோவுல இருக்கு.” பிறகு, வைக்கப்போகிறார் என்று நினைத்தேன், “அப்ப அந்த மலை இன்னும் கரையாம நின்னுருக்கு, என்ன? பன்னண்டு கோடி வருஷத்துக்கு முன்னாடிகூட. ஆறு அது மேலேர்ந்து விழுந்துருக்கும் பாரு” என்றார். வகுப்பில் பேசுகிற குரல் திரும்பியிருந்தது. வைத்துவிட்டார்.

மூக்கைச் சிந்திக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன், தரையின் குளிர் இப்போது உறைக்கவில்லை. அடிக்கட்டா, அடிங்க. 546. நல்லது. 550. ரொம்ப நல்லது. மனம் என்ன வேகத்தில் கட்சி மாறுகிறது, கால் மணி நேரத்துக்கு முன்னால் வடக்கின் வேட்பாளர், இப்போது தெற்கின் கொடியைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நிற்கிறேன். ஒவ்வொரு ஐந்நூற்றைம்பதுக்கும் அந்த மலை ஒரு முழம் உயர்ந்துகொண்டிருந்தது. பனிகூடப் போட்டுவிட்டேன் உச்சியில், பனி இருந்ததற்கு எந்த ஆதாரமும் கிடையாது, இருந்தாலும் போட்டேன், அழகாக இருந்தது. அதன் மடியிலிருந்து ஆறுகள் சரிகின்றன, கல்லும் மண்ணுமாக உருட்டிக்கொண்டு கிழக்கே பள்ளத்தைப் பார்த்து ஓடுகின்றன, கரையில் ஆள் இல்லை, ஆடு இல்லை, கிராம நிர்வாக அலுவலர் இல்லை, பேர் வைக்க யாருமில்லாத தண்ணீர். புதிய தலைப்பு, ‘தெற்கிலிருந்து வந்த மணல்’, நாலாம் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டாவதைத் திருப்பிப் போட்டு, ஆறு மாதம், எட்டு மாதம், நிரூபிக்கிறது, இந்தத் தடவை நிஜமாகவே நிரூபிக்கிறது, இருபத்தாறு இடம் என்ன, முப்பது இடத்தில் எழுதலாம். நூற்றிரண்டாவது 2481. சுருக்கென்றது. என்ன இது, இப்போது போய், இவ்வளவு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது. நூற்று மூன்று 2505. நூற்று நான்கு 2516. படத்தைப் பார்த்தேன், நூற்று ஐந்தும் கறுப்பு உருண்டை, நூற்று ஆறு வெங்காயம், என் நாக்கு நூற்று ஆறு என்று சொல்வதற்குப் பல்லுக்குப் பின்னால் போய்த் தயாராக நின்றுகொண்டிருந்தது. அதைப் பிடித்தேன். கையும் களவுமாக. “நூத்தி அஞ்சு” என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. பால்துரை குறியை வைத்தார், லேசர் தோண்டிற்று, கோடுகள் எழும்பின, எண் வருகிற அந்த இடைவெளியில் அவர் முதல்முறையாகத் திரையை விட்டு என் பக்கம் திரும்பினார். “கேக்கலாம்னா கேக்கேன் மேடம். காலைலேர்ந்து பாக்கேன், ஒரு நம்பருக்குச் சிரிக்கீங்க, ஒரு நம்பருக்கு மூஞ்சியத் தொங்கப் போடுதீங்க, மத்தியானத்துக்கு மேல அதுவே தலைகீழா இருக்கு. உங்களுக்கு எதுதான் வேணும், பெருசா சின்னதா?” நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். திரையில் எண் வந்து நின்றது. அதை நோட்டில் எழுதினேன், எந்தப் பக்கமும் கோடு போடாமல், வெறும் எண்ணாக. “பசிக்குது அண்ணே,” என்றேன். “இன்னும் அஞ்சு இருக்கு, அடிச்சிட்டுப் போவோம்.”